ஊருணித் தண்ணீரை யார் முடிவு செய்வது? உலகமயம், குலப்பற்று, நடுவில் கிராம சபை

வளவுவீட்டான் (மே 3, காலை 7:40)

மே 1 கிராம சபைக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து அரை மணி நேரம். பெயர் வேண்டாம், வம்பு வரும். மேடையில் தனி அலுவலர் சார்பில் ஒருவர், ஊராட்சிச் செயலர், மைக் செட், தண்ணீர்க் கேன். தலைவர் நாற்காலி காலி. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடக்கவில்லை. எதிரே நாற்பது பேர் இருந்தால் அதிகம். எங்கள் அளவு ஊருக்குக் குறைந்தது நூறு பேர் வர வேண்டும். கையெழுத்து நோட்டு மட்டும் எப்படியோ நிரம்பிவிட்டது.

விஷயம் இதுதான். ஊருணித் தென்கரையில் ஒரு பெரிய வீடு. முகப்பில் நுழைந்தால் பின்கட்டு அடுத்த தெருவில் போய்த் திறக்கும். முப்பது சொச்சம் பங்காளிகள். சிங்கப்பூர், சிகாகோ, கோயம்புத்தூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு வெளியூர் நிறுவனம் அதை வாங்கி ஹோட்டல் ஆக்குகிறது. ஒரு வகையில் நல்லதுதான். இல்லாவிட்டால் தூணையும் நிலையையும் பிடுங்கி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விற்றிருப்பார்கள். ஆனால் கரையை ஒட்டி இரண்டு ஆழ்துளைக் கிணறு, உள்ளே ஒரு நீச்சல் குளம். "ஊருணி வற்றினால் என்ன செய்வது?" என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

அவருக்கு இரண்டு பதில் கிடைத்தது. மேடையிலிருந்து வந்தது முதலாவது: "அனுமதியெல்லாம் மேலேயே முடிஞ்சுபோச்சு, இங்க தகவலுக்காகத்தான் சொல்றோம்." இரண்டாவது பின்வரிசையிலிருந்து: "ஊருணி எங்க பாட்டன் வெட்டுனது. அதைப் பத்திப் பேச நீ யாரு?" கேட்டவர் கீழத்தெருக்காரர். உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாளாக இதே நினைப்பு. உலகமயம் வந்து ஜனநாயகத்தைத் தின்கிறது என்று ஒரு கட்சி சொல்கிறது. இல்லை, சாதி, மதம், இனம் என்ற குலப்பற்றுதான் தின்கிறது என்கிறது இன்னொரு கட்சி. நான் பார்த்தது வேறு. மேடைக்காரரும் பின்வரிசைக்காரரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதுகூட இல்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளை உட்கார வைத்தார்கள். ஒரு முடிவு யார் தலையில் விழுகிறதோ அவன் முன்னால் வந்து நின்று, முடிவெடுத்தவன் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஜனநாயகம் இவ்வளவுதான். அது நடக்காமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வழி இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கல்லல் சுப்பு (மே 3, காலை 9:15)

ஒரு போர்வெல்லுக்கு இவ்வளவு தத்துவமா அண்ணே? ஹோட்டல் வந்தால் பத்து இருபது பேருக்கு வேலை. ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிறவனுக்கு ஆர்டர். கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது, அதை வாங்குகிறவன் யார்? வெளிநாட்டுக்காரனும் சென்னைக்காரனும்தான். நம் வீடு எதைக்கொண்டு கட்டியது? பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. உலகமயத்தை உத்தரத்தில் வைத்துக்கொண்டு அதன் கீழே உட்கார்ந்து உலகமயத்தைத் திட்டுகிற ஒரே ஊர் நம் ஊர்தான்.

ரங்கூன் பேரன் (மே 3, மதியம் 1:02)

சுப்பு அண்ணன் தேக்கை எடுத்தார், அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் தேக்குக்கு ஒரு ஐந்தொகை இருக்கிறது. வரவுப் பக்கத்தை மட்டும் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறி, அடுத்தாளாகி, மேலாளாகி, ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் (கடைகள் இருந்த கட்டடத்தில்) உட்கார்ந்தவர். கடல் கடந்து கொண்டுவிற்க (தொழில் செய்ய) போன எல்லாரையும்போல மூன்று வருடக் கணக்கு. கீழ் பர்மாவில் காடு திருத்தி நெல் போட்ட விவசாயிக்கு வெள்ளைக்கார வங்கி கடன் தராது. நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தந்தார்கள். நெல் லண்டன் விலைக்குப் போனது. 1929-க்குப் பிறகு உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடமானம் மூழ்கியது. நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம்.

நிலம் வேண்டுமென்று யாரும் போகவில்லை. வட்டிக்கடைக்காரனுக்கு நிலம் என்றால் செத்த பணம். ஐயா அதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் நிலத்தை இழந்த பர்மாக்காரன் யாரிடம் போய்க் கேட்பான்? விலையைத் தீர்மானித்தவனை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. கண்ணெதிரே இருந்தது கிட்டங்கியும் திருநீறும்தான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கூலி வேலைக்காக இந்தியருக்கும் பர்மியருக்கும் கலவரம். அதே ஆண்டில் "நாம் பர்மியர்" என்று ஒரு சங்கம் பிறந்தது. டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. 1938-இல் மறுபடி கலவரம். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எங்கள் ஐயா அரக்கான் வழியாக நடந்து வந்தார்.

ஆக, உலகமயம் ஒரு பக்கம், குலப்பற்று இன்னொரு பக்கம் என்று தராசு பிடிக்காதீர்கள். ரங்கூனில் முதலாவதின் வயிற்றில்தான் இரண்டாவது பிறந்தது.

தேவகோட்டை வாத்தியார் (மே 3, மாலை 5:30)

தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்காக 1936-இல் தேர்தல் நடந்த சட்டசபையின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 132 இடம். பொது இடம் 91. கரேன்களுக்கு 12, இந்தியருக்கு 8, ஐரோப்பியருக்கு 3, ஆங்கிலோ பர்மியருக்கு 2. வணிகத்துக்கும் தொழிலுக்கும் மட்டும் தனியாக 11. மிச்சம் தொழிலாளருக்கு 4, ரங்கூன் பல்கலைக்கழகத்துக்கு 1. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். (கணக்கு வாத்தியார் புத்தி.)

குலத்துக்கு 25 நாற்காலி, பணத்துக்கு 11. சபைக்குள்ளேயே இரண்டையும் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, இதுதான் பொறுப்பாட்சி என்றார்கள். அதே 1937 பிப்ரவரியில்தான் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தது. நம் ஊர் அன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் இருந்தது என்று புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

இன்றைக்கு வருவோம். "மேலேயே முடிஞ்சுபோச்சு" என்பது உங்கள் ஊர் மேடைக்காரர் வாயில் மட்டும் வருகிற வார்த்தை அல்ல. 2015 ஜூலை 5-ஆம் தேதி கிரேக்கத்தில் பொதுவாக்கெடுப்பு. கடன் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனை வேண்டாம் என்று 61 சதவீதம் பேர் சொன்னார்கள். எட்டு நாள் கழித்து அவர்களுடைய அரசே அதைவிடக் கடுமையான நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு வந்தது. மக்கள் போட்ட ஓட்டு செல்லாத ஓட்டு இல்லை, ஆனால் செல்லுபடி ஆகவும் இல்லை. நம் நாட்டில் இன்னும் சுலபம். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்துப் போட நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையே இல்லை. உலக வர்த்தக அமைப்புக்கான ஒப்பந்தத்தில் 1994 ஏப்ரலில் மராகேஷ் நகரில் கையெழுத்துப் போட்டதும் அப்படித்தான். சபையில் கத்தினார்கள், அவ்வளவுதான்.

கல்லல் சுப்பு (மே 3, இரவு 8:11)

வாத்தியாரய்யா, 1991-இல் டாலர் தீர்ந்துபோய் அரசு தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து வங்கியில் அடகு வைத்தபோது ஓட்டெடுப்பு நடத்திக்கொண்டிருக்க முடியுமா? வீட்டில் சாவு என்றால் மொய் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போமா?

கீழத்தெரு (மே 4, காலை 6:20)

எல்லாரும் ரங்கூன், கிரேக்கம் என்று சுற்றுகிறீர்கள். உட்கார்ந்துவிட்டவரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அவர் இல்லை, ஆனால் அவர் தெரு மாதிரியான தெருவில் பிறந்தவன்.

"நம் ஊர் விஷயத்தை நாமே முடிவு செய்வோம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். இந்த வட்டாரம் பழைய இராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பரில் இங்கே ஆதிக்கத்தில் இருந்தவர்கள் கூடி, ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு வைத்துக்கொள்ளக் கூடாது. மீறியவர்களின் குடிசை எரிந்தது. 1931-இல் எட்டு பதினொன்றானது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதை எழுதி வைத்திருக்கிறார். அதுவும் கூட்டம் கூடி, பேசி, ஒருமனதாக எடுத்த முடிவுதான்.

தேவகோட்டை பக்கத்துக் கண்டதேவிக் கோயில் தேர் உங்களுக்குத் தெரியாததா? வடம் பிடிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னதும் தேர் ஓடாமலே வருடக்கணக்கில் நின்றது. பல வருட இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூனில் மறுபடி ஓடியது, அதுவும் போலீஸ் காவலோடு. எல்லாரும் இழுப்பதைவிட யாருமே இழுக்காமல் இருப்பது மேல் என்று ஒரு தேர் நின்றது பாருங்கள், குலப்பற்று என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம், எங்கள் தெருவில் முதல் தளம் போட்ட வீடு சிங்கப்பூர்ப் பணத்தில் எழுந்தது. கட்டட வேலைக்குப் போன எங்கள் அத்தான் அனுப்பியது. அங்கே அவரை எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். எனவே உலகமயத்தை நான் கையெடுத்தும் கும்பிடவில்லை, காறித் துப்பவும் இல்லை.

நெறியாளர் (மே 4, காலை 10:05)

சாதிப் பெயர் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். "பழசைக் கிளறாதே" என்ற மூன்றாவது பதிவை விட்டுவைத்தேன். பிறகு எழுதியவரே அழித்துவிட்டார். தொடருங்கள்.

கண்டனூர் ஆச்சி (மே 4, பிற்பகல் 3:48)

பேரன் தட்டச்சு செய்து தருகிறான், பிழை இருந்தால் அவனைச் சொல்லுங்கள்.

எங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் ஆளை எண்ண மாட்டார்கள், புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி. அவுக போன பிறகு நான் அரைப்புள்ளி. வரி அரை வாங்கினார்கள், பேச்சுக்குச் சுழி. ஒன்பது கோயில், எழுபது சொச்சம் ஊர், யார் வீட்டுச் சொத்து எவ்வளவு, யார் எந்தக் கோயில் பங்காளி, எல்லாம் வாய்க்கணக்கில் இருக்கும். அந்த நம்பிக்கைதான் ரங்கூனுக்கும் சைகோனுக்கும் உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) அனுப்பியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே உலகம் முழுக்க வியாபாரம், உள்ளே பெண் கொடுத்து எடுப்பதெல்லாம் பத்து மைலுக்குள். நீங்கள் இரண்டும் எதிரி எதிரி என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் ஒரே சாவிக்கொத்தில் இரண்டு சாவியும் தொங்கின.

குலப்பற்று முழுக்கக் கெட்டது என்று கீழத்தெருத் தம்பி சொன்னால் ஒன்று கேட்பேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் நேரு வந்து காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார். அது எந்தப் புள்ளிக் கணக்கில் வரும்? எல்லா ஊர்ப் பிள்ளையும் அங்கே போய்ப் படிக்கிறதே. சொந்த ஊர் என்ற பாசம் இல்லாதவன் அதைப் பொட்டல் காட்டிலா கொண்டுவந்து வைப்பான்?

கீழத்தெரு (மே 4, மாலை 4:30)

ஆச்சி, அதை நான் மறுக்கவில்லை. நானே அழகப்பா கல்லூரியில் படித்தவன்தான். ஆனால் அவர் கொடுத்துவிட்டுச் சாவியை வெளியே தந்தார். இந்த ஊருணிக்காரர் பாட்டன் வெட்டியதற்குப் பேரன் சாவி கேட்கிறார்.

ரங்கூன் பேரன் (மே 4, இரவு 9:20)

ஆச்சி சொன்ன ஒரே சாவிக்கொத்துக்கு இன்றைய பர்மாவிலிருந்து ஒரு சாட்சி.

எங்கள் ஐயாவை அங்கே "கலா" என்று கூப்பிட்டார்கள். இந்தியரை, பிறகு முஸ்லிம்களை, கடைசியில் ரோஹிங்கியா மக்களை இழிவாகச் சொல்லும் சொல் அது. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடை, கிட்டங்கி எல்லாம் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கில் நம் ஆட்கள் கட்டிய துணியோடு கப்பல் ஏறினார்கள். காரைக்குடியில் பர்மா காலனி எதற்கு இருக்கிறது என்று இன்றைய பிள்ளைகளைக் கேட்டால் தெரியாது. 1982-இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து ரோஹிங்கியாக்களை ஏறக்குறைய நாடற்றவர்களாக்கியது.

அப்புறம் செல்போன் வந்தது, ஃபேஸ்புக் வந்தது. அங்கே இணையம் என்றாலே பலருக்கு ஃபேஸ்புக்தான். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். வெறுப்பைப் பரப்பியதில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு உண்டு என்று ஐ.நா. உண்மை அறியும் குழு சொன்னது. தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018 நவம்பரில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இடையில் ஒரு கூத்து: "கலா" என்ற சொல்லைத் தடை செய்யப் போய், கடலையைச் சொல்லும் "கலாபே" என்ற சொல் இருந்த பதிவுகளையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். சமையல் குறிப்பு போனது, வெறுப்பு ஊருக்குள்ளேயே இருந்தது.

எங்கோ கலிபோர்னியாவில் உட்கார்ந்து பர்மிய மொழியை எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் நடத்திய கடை. அதில் விற்ற சரக்கு அசல் உள்ளூர்க் குலவெறி. ஊர் எரிந்தபோது யாரிடம் போய் மனுக் கொடுப்பது? 1930-இல் பர்மா விவசாயி நின்ற அதே இடத்தில்தான் 2017-இல் ரோஹிங்கியாவும் நின்றான். அன்றைக்கு அவன் எதிரே நின்றது எங்கள் ஐயா, அது மட்டும்தான் வித்தியாசம். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை.

கல்லல் சுப்பு (மே 5, காலை 8:00)

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். நானே ஒரு உதாரணம் தருகிறேன், வாத்தியாரய்யாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். 2012-இல் நாடாளுமன்றம் பழைய தேதியிலிருந்து வரி போடும் சட்டம் கொண்டுவந்தது. மோசமான சட்டம், தொழில் செய்கிறவன் என்ற முறையில் எனக்குப் பிடிக்கவில்லை. பிரிட்டன் எண்ணெய் நிறுவனமான கெய்ர்ன் வழக்குப் போட்டது. 2020 டிசம்பரில் ஹேகில் மூன்று நடுவர்கள் இந்தியா 120 கோடி டாலர் தர வேண்டும் என்றார்கள். வெளிநாட்டில் உள்ள நம் அரசுச் சொத்தை ஜப்தி செய்யக் கிளம்பினார்கள். 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வரியைக் கைவிட்டது. முடிவு எனக்குப் பிடித்த முடிவுதான். ஆனால் நம் சட்டம் தப்பு என்று சொல்ல வேண்டியது நம் ஓட்டா, நம் கோர்ட்டா, ஹேகில் மூன்று பேரா?

ஆனாலும் ஒன்று. எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விடப் பார்த்தார்கள், கோயில் திருப்பணிக்கு என்று சொல்லி. அதைத் தடுத்தது யார்? வெளியிலிருந்து வந்த தேர்தல் ஆணையச் சுற்றறிக்கைதான். எனவே "மேலே" என்பது எல்லா நேரமும் எதிரி இல்லை.

கீழத்தெரு (மே 5, காலை 8:47)

சுப்பு அண்ணே, இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகரில் கொட்டக்கச்சியேந்தல். தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996-லிருந்து பத்து வருடம் தேர்தலே ஒழுங்காக நடக்கவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது. நமக்கு வெகு பக்கத்தில் மேலவளவு. தலைவராக ஜெயித்த முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள். எந்த பன்னாட்டுக் கம்பெனியும் அங்கே வரவில்லை.

ஆனால் பதவி ஏலத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏலத்தை நடத்துவது குலம். ஏலம் கேட்கிற பணம் பெரும்பாலும் வெளியூர், வெளிநாட்டில் சம்பாதித்தது. ஓட்டுப் போட வேண்டியவன் திருவிழாச் சாப்பாட்டுக்கு நன்கொடை வந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போகிறான். ஆச்சியின் சாவிக்கொத்து இங்கேயும் ஆடுகிறது.

தேவகோட்டை வாத்தியார் (மே 5, மதியம் 12:10)

இதற்கு வைத்தியம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நல்லது, என்னிடமும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. அதோடு சேர்க்கப்பட்ட ஊராட்சிகளுக்குக் கிராம சபையே கிடையாது இப்போது. நூறு நாள் வேலை போகும் என்று கத்தினார்கள், வரி கூடும் என்று கத்தினார்கள். எழுந்து நின்று கேள்வி கேட்கிற இடம் போகிறதே என்று கத்தியவர்கள் ரொம்பக் குறைவு. வருடத்துக்கு ஆறு நாள்தான் அந்த இடம் திறந்திருக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

வளவுவீட்டான் (மே 5, இரவு 10:30)

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நான் ஒன்றை மறைத்தேன், சொல்லிவிடுகிறேன். தென்கரை வீட்டு முப்பது சொச்சம் பங்காளிகளில் நானும் ஒருவன். எனக்கு அதில் அறுபதில் ஒரு பங்கு. விற்பனைக்குச் சம்மதம் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் பத்திரம் வந்தது, கட்டைவிரல் படம் போட்டேன். நீச்சல் குளம் பற்றி அதில் ஒரு வரி இருந்திருக்கிறது. படிக்கவில்லை. கிராம சபையில் அந்த மனிதர் கேட்டபோது நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்குக் கீழத்தெருவுக்குப் போய் அவரைப் பார்க்கிறேன். ஆழ்துளைக் கிணற்றின் ஆழம் எவ்வளவு, நாளைக்கு எத்தனை லிட்டர் எடுக்கலாம், ஊருணி மட்டம் எவ்வளவு இறங்கினால் மோட்டாரை நிறுத்த வேண்டும், இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு ஆகஸ்ட் 15 கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். அவர் வாசிக்கட்டும், நான் வழிமொழிகிறேன். குழுவில் இதைப் போட்டேன். சிங்கப்பூர்ப் பங்காளி ஒருவர் "வியாபாரத்தைக் கெடுக்காதே" என்றார், இன்னொருவர் "அவங்களோட சேர்ந்துக்கிட்டயா" என்றார். மேடையும் பின்வரிசையும் என் போனுக்குள்ளேயே இருக்கிறது.

நூறு பேர் வர வேண்டும். யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

கீழத்தெரு (மே 5, இரவு 10:52)

போய்ப் பாருங்கள். ஆனால் அவரையே முன்னால் நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அன்றைக்கு உட்கார்ந்தவர் மறுநாள் அதே பின்வரிசைக்காரர் வயலில்தான் வேலைக்குப் போயிருப்பார்.

கண்டனூர் ஆச்சி (மே 6, காலை 5:55)

காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் பெண்கள் எப்படி வருவார்கள், உலை வைக்கிற நேரம். சாயங்காலம் நாலு மணிக்கு வைக்கச் சொல்லி இப்போதே மனு எழுதிக் கொடுங்கள். நிழலில் நாற்காலியும் போடச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் போன தடவை முன்னால் இருந்த நாற்காலியெல்லாம் யாருக்கோ என்று துண்டு போட்டு வைத்திருந்தார்கள், நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம்.